டைட்டிலில் வெற்றுக் கையெழுத்து வேண்டாம்

கேள்வி: மிச்சிகனில் டெட்ராய்ட் பக்கம் இருக்கிறோம். 1969 செவர்லே கமாரோ ஒன்றைத் துருப்பிடித்த நிலையில் வாங்கி, பாடி வேலை, பெயின்ட் எல்லாம் முடித்து, எல்எஸ்3 என்ற புதுக்கால வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின், ஆறு கியர் பாக்ஸ், டிஸ்க் பிரேக், ஏசி போட்டிருக்கிறேன். பில்களைக் கூட்டினால் 94,000 டாலர். கமிஷனுக்கு விற்றுத் தரும் ஷோரூம்காரர் ஒருவர், “உங்கள் கைக்கு 80,000 வரும்; டைட்டிலில் கையெழுத்து மட்டும் போட்டு வண்டியை விட்டுவிட்டுப் போங்கள்” என்கிறார். கொடுக்கலாமா? கராஜில் கிடக்கும், வண்டியிலிருந்து எடுத்த பழைய 350 (கன அங்குலம்) எஞ்சினைத் தனியாக விற்றுவிடலாமா?

பதில்: முதல் கேள்விக்கு, கூடாது. இரண்டாவதற்கு, எஞ்சின் எண்ணைப் பார்க்கும்வரை கூடவே கூடாது.

டைட்டில் என்ற உரிமைப் பத்திரம்தான் வண்டி, இரும்பு அப்புறம்தான். வாங்குபவர் பெயர், விலை, தேதி எதையும் நிரப்பாமல் கையெழுத்துப் போட்டால், அந்தக் காகிதம் யார் கையில் இருக்கிறதோ அவர் தன் பெயரை எழுதிக்கொள்ளலாம். நாளைக்கு ஷோரூம் ஷட்டரை இறக்கினால், வண்டி எங்கோ ஒரு மாநிலத்தில் இன்னொருவர் பெயரில் ஓடிக்கொண்டிருக்கும், நீங்கள் வக்கீலுக்கு மணிக்கணக்கில் பணம் கட்டிக்கொண்டிருப்பீர்கள். நான் மதிப்பீட்டுக்குப் போன ஒரு வீட்டில் அப்பாவும் மகனும் சேர்ந்து எட்டு வருஷம் செய்த வண்டி இப்படித்தான் போயிற்று. புகார் கொடுக்கப் போன இடத்தில், “நீங்கள்தானே கையெழுத்துப் போட்டீர்கள்?” என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள்.

“கைக்கு 80,000” என்ற பேச்சிலும் ஒரு பொறி இருக்கிறது. அதற்கு மேல் எவ்வளவுக்கு விற்றாலும் அவருக்கு. ஒரு லட்சத்துக்குப் போனால் 20,000 அவர் பையில், உங்களுக்குத் தெரியவும் தெரியாது. கமிஷன் என்றால் சதவீதமாக எழுதச் சொல்லுங்கள், வாங்குபவர் கையெழுத்திட்ட விற்பனைக் காகிதத்தின் நகலைக் கேளுங்கள். ஷோரூமில் நிற்கும் நாட்களுக்கு வாடகை, பாலிஷ் செலவு என்று பின்னால் கழிப்பார்களா என்பதையும் முன்பே எழுதி வாங்குங்கள். முகம் சுளித்தால் வண்டியைத் திருப்பி ஓட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

94,000 செலவழித்தது உங்கள் ஆசை. சந்தைக்கு அதில் பொறுப்பில்லை. மாற்றியமைத்த வண்டிக்குப் போட்ட காசு முழுதாகத் திரும்புவது அபூர்வம். ஆனாலும் பில்களைத் தூக்கிப் போடாதீர்கள். வேலை நடந்ததற்கு அவைதான் சாட்சி, லாபம் வந்தால் வரிக் கணக்குக்கும் அவைதான் வேண்டும். நஷ்டத்தை மட்டும் வரித் துறைக்காரர்கள் கழிக்க விடமாட்டார்கள், அது அவர்கள் நியாயம்.

இப்போது பழைய எஞ்சினுக்கு வருகிறேன். “எஞ்சினை மாற்றிவிட்டால் பழைய வண்டிக்கு மதிப்புப் போச்சு” என்று எல்லோரும் சொல்வார்கள். அதற்கு ஒரு விலக்கு உண்டு, அது உங்கள் கராஜிலேயே கிடக்கலாம். முன் கண்ணாடி வழியாகத் தெரியும் தகட்டில் சேஸிஸ் எண்ணைப் பாருங்கள். 124 என்று தொடங்கினால் பிறக்கும்போதே வி8 வண்டி. 123 என்றால் ஆறு சிலிண்டர். அதற்கு அடுத்த 37 கூரை வைத்த கூப்பே, 9 என்பது 1969, அடுத்து ‘என்’ எழுத்து இருந்தால் ஒஹாயோவின் நார்வுட் ஆலை, ‘எல்’ என்றால் கலிபோர்னியா ஆலை. அந்த எண்ணின் கடைசி ஆறு இலக்கங்கள் 350 எஞ்சினிலும் அடித்திருக்க வேண்டும்: பயணி பக்கத்து சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு தட்டையான இடம், சில வண்டிகளில் ஆயில் ஃபில்டருக்கு மேலே. இரண்டும் ஒத்துப்போனால் அந்த இரும்புக் கட்டி வண்டியோடுதான் போக வேண்டும். வாங்குபவர் உங்கள் எல்எஸ்3-இன் 430 குதிரைத்திறனை ஓட்டி மகிழலாம், மனம் மாறினால் பழையபடி ஆக்கலாம். அந்த வாய்ப்புக்கே ஆட்கள் பணம் கொடுக்கிறார்கள். தனியாக விற்றால் உங்களுக்குச் சில ஆயிரம் கிடைக்கும், ஆனால் ஜோடி பிரிந்தபின் இரண்டில் எதற்கும் பழைய மதிப்பு வராது. எண் ஒத்துப்போகாவிட்டால் தாராளமாக விற்றுக்கொள்ளுங்கள், அது வெறும் 350.

முன்பக்கம் எஸ்எஸ் (சூப்பர் ஸ்போர்ட் என்ற விலை கூடிய வகை) பேட்ஜ் இருந்தால் அதையும் சொல்லிவிடுகிறேன். 1969 சேஸிஸ் எண் வி8-ஆ இல்லையா என்று மட்டும் சொல்லும், எஸ்எஸ்-ஆ என்று சொல்லாது. அந்த மாடலில் 2,43,000 கமாரோக்களுக்கு மேல் வந்தன, எஸ்எஸ் 35,000 கூட இல்லை. ஆனால் விளம்பரங்களைப் பார்த்தால் பாதிக்கு மேல் எஸ்எஸ். ஃபோர்டுக்காரர்கள் 1967 முதல் வந்த வண்டி என்றால், அது ஆலையில் எப்படிச் செய்யப்பட்டது என்று கம்பெனிப் பதிவிலிருந்தே சொல்லும் மார்ட்டி ரிப்போர்ட் வாங்கிவிடலாம். அமெரிக்காவில் விற்ற செவர்லேக்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அசல் வாரன்டித் தகடு, அல்லது பெட்ரோல் டேங்க் மேலேயோ சீட் ஸ்பிரிங்கிலோ ஒட்டிக்கிடக்கும் ஆலைச் சீட்டு கிடைத்தால் நல்ல ஆதாரம். ஆதாரம் இல்லையா, விற்பனைக் காகிதத்தில் “எஸ்எஸ் போல அமைத்தது” என்று நீங்களே எழுதிவிடுங்கள். மைல் மீட்டரை மாற்றியிருந்தால் “உண்மையான மைல் தெரியாது” என்றும்.

பணம். இதில்தான் எனக்குக் கோபம் வரும். கேஷியர்ஸ் செக் (வங்கியே தன் பெயரில் தரும் செக்) போட்டால் பெரும்பாலும் சில வேலைநாட்களுக்குள் பணம் கணக்கில் தெரியும். “வந்துவிட்டதே” என்று சாவியைக் கொடுப்பீர்கள். இரண்டு வாரம் கழித்து அது போலி என்று அதே வங்கி பணத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். காட்டும்போது அவர்கள் காட்டினார்கள், இழப்பது மட்டும் நீங்கள். அதனால் வாங்குபவரின் வங்கிக்கே போய், கவுன்டரில் உங்கள் கண்முன் எடுத்துத் தரும் செக்கை வாங்குங்கள், இல்லாவிட்டால் வயர் (வங்கிக்கு வங்கி நேரடிப் பணமாற்றம்) வந்தபின் உங்கள் வங்கிக்கு நீங்களே போன் செய்து உறுதி செய்யுங்கள். “5,000 கூடுதலாக அனுப்புகிறேன், லாரிக்காரனுக்கு நீங்கள் கொடுத்துவிடுங்கள்” என்பவனிடம் பேச்சே வேண்டாம். “வாங்க ஆள் தயார், விளம்பரக் கட்டணம் மட்டும் கட்டுங்கள்” என்று போனில் வருபவனும் அதே ஜாதிதான்.

ஏலம் விடுவதானால் நேரடி ஏலத்தில் உங்களிடமும் கமிஷன், வாங்குபவரிடமும் 10 சதவீத அளவில். குறைந்தபட்ச விலை வைக்காமல் விடாதீர்கள். உங்களைப் போன்ற வண்டிக்கு இணைய ஏலமே மேல், அடிப்பக்கப் படங்களும் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும் வீடியோவும் நன்றாக இருந்தால். நீங்கள் இருப்பதோ வுட்வர்ட் அவென்யூவுக்குப் பக்கத்தில். ஆகஸ்ட் மாதம் மூன்றாவது சனிக்கிழமை பழைய வண்டிகள் அணிவகுக்கும் அந்தச் சாலையோரம் நிறுத்திக் கண்ணாடியில் விலையை ஒட்டினால் தரகரே தேவைப்படாமல் போகலாம்.

விற்ற அன்று வாங்குபவரோடு வண்டிப் பதிவு செய்யும் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் அலுவலகத்துக்குப் போய் அவர் பெயருக்கு மாறுவதைப் பார்த்துவிட்டு வாருங்கள். நம்பர் பிளேட்டைக் கழற்றிக்கொள்ளுங்கள், மிச்சிகனில் அது வண்டியோடு போவதில்லை.

எஞ்சின் எண்ணைப் பார்க்கும்போது ஒன்று மட்டும்: கம்பி பிரஷ், உப்புத்தாள் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள். கார்புரேட்டர் கிளீனரும் பழைய துணியும் போதும். டார்ச்சைச் சாய்த்து அடித்தால் எண்களுக்கு நடுவே மயிரிழை போல நேர்கோடுகள் ஒரே திசையில் ஓடும். ஆலை மெஷின் விட்ட தடம் அது. எண்ணைப் பிற்பாடு யாரும் அடிக்கவில்லை என்று நம்ப வாங்குபவர் முதலில் தேடுவது அந்தக் கோடுகளைத்தான். அதை நீங்களே தேய்த்துவிட்டு வந்தால் நானும் ஒன்றும் செய்ய முடியாது.