கொரோனா காலக் கடன் தள்ளுபடி ஆகுமா?

கேள்வி: கொடைக்கானலில் சிறிய லாட்ஜ் நடத்துகிறேன். 2021 செப்டம்பரில், சுற்றுலாத் தொழிலுக்கு அரசு உத்தரவாதத்துடன் கிடைத்த கொரோனா கடனில் ரூ. 4 லட்சம் வாங்கினேன். பழைய கடனையும் சேர்த்துக் கட்ட முடியாமல் இரண்டு மாதமாகத் தவணை நின்றுவிட்டது. அரசு பொறுப்பேற்ற கடன் தள்ளுபடி ஆகிவிடும், கட்டணம் கொடுத்தால் மனு போட்டுத் தருகிறேன் என்கிறார் ஓர் ஏஜெண்ட். நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம் ஐயா, பணமும் கொடுக்க வேண்டாம். அப்படி ஒரு தள்ளுபடி கிடையாது.

நீங்கள் வாங்கியது இசிஎல்ஜிஎஸ் எனும் அவசரக் கடன் உத்தரவாதத் திட்டத்தின் மூன்றாம் கட்டம். 2020 பிப்ரவரி 29 அன்று இருந்த கடன் பாக்கியில் 40 சதவீதம் வரை, ஹோட்டல், பயணத் தொழில்களுக்குக் கூடுதல் கடனாக 2021-இல் கொடுத்தார்கள். அரசு தந்த உத்தரவாதம் வங்கிக்குத்தான், உங்களுக்கு அல்ல. நீங்கள் கட்டத் தவறினால் அரசின் என்சிஜிடிசி நிறுவனம் வங்கிக்கு ஈடு கொடுக்கும். அதற்குப் பிறகும் உங்களிடம் வசூலிக்கும் வேலையை வங்கி விடாது. உங்கள் பழைய கடனுக்கோ இந்த உத்தரவாதமே இல்லை. அன்றைக்கு இதை வாடிக்கையாளருக்குத் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். நிவாரணம் என்ற பெயரில் வந்ததால் பலர் மானியம் என்றே நினைத்துவிட்டார்கள்.

தவணை ஏன் இவ்வளவு கனமானது? ஆறு ஆண்டுக் கடனில் முதல் இரண்டு ஆண்டு வட்டி மட்டும், அடுத்த நான்கு ஆண்டு அசலும் சேர்த்து. 9.25 சதவீத வட்டி என்று வைத்தால் 4 லட்சத்துக்கு மாதம் சுமார் 3,080 ரூபாய் கட்டியவர், 2023 செப்டம்பருக்குப் பின் சுமார் 10,000 கட்ட வேண்டியிருக்கும். 2027 செப்டம்பர் வரை இதுதான் நிலை.

இப்போது அவசரம் என்னவென்றால், பாக்கி 90 நாளைத் தாண்டினால் அது வாராக்கடன். ஒரு கணக்கு விழுந்தால் அதே வங்கியில் உள்ள உங்கள் மற்ற கடனும் வாராக்கடனாகவே கணக்காகும். அடமானச் சொத்து இருந்தால், அதை வங்கியே கைப்பற்ற வழிசெய்யும் சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் வரலாம். எனவே இந்த வாரமே கிளை மேலாளரைப் பாருங்கள். நலிந்த சிறுதொழில்களை மீட்க 2016-இல் ரிசர்வ் வங்கி வகுத்த நடைமுறையில், வாராக்கடன் ஆவதற்கு முன்பே மறுசீரமைப்பு, அதாவது தவணையையும் காலத்தையும் மாற்றியமைக்கக் கேட்க இடம் உண்டு. மொத்தக் கடன் 10 லட்சத்துக்குள் என்றால் கிளையிலேயே முடிவெடுக்கலாம், மேலே போனால் வங்கியின் குழு பார்க்கும்.

வாய்மொழியாகக் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். எழுதிக் கொடுத்து, நகலில் பெற்றதற்கான முத்திரை வாங்குங்கள். சிறுதொழில் பதிவுக்கான உத்யம் சான்று, ஜிஎஸ்டி இருந்தால் அதன் கணக்கு, அப்புறம் மாதவாரி அறை வருமானம், எல்லாவற்றையும் இணையுங்கள். ஏப்ரல், மே சீசனில் கூடுதலாகவும் மழை மாதங்களில் குறைவாகவும் கட்டுகிறேன் என்று நீங்களே ஒரு அட்டவணை போட்டுக் கொடுத்தால் பேச்சு சுலபமாகும். என் கருத்தில், பழைய கடனின் காலத்தை நீட்டச் சொல்லிக் கேட்பதுதான் நடக்கக்கூடியது. உத்தரவாதக் கடனின் ஆறு ஆண்டுக் கெடு திட்டத்திலேயே வகுத்தது. மறுசீரமைப்பு உங்கள் கடன் அறிக்கையில் பதிவாகும், அதைத் தெரிந்துகொண்டே போங்கள். தவணை அடைக்கக் கந்து வட்டிக்கு மட்டும் கை நீட்டாதீர்கள்.

புதிதாக அதே திட்டத்தில் விண்ணப்பிக்க முடியாது, 2023 மார்ச் 31-உடன் அது முடிந்துவிட்டது. கொரோனா காலத்திலேயே சுற்றுலா வழிகாட்டிகளுக்கு ரூ. 1 லட்சம், பயண முகவர்களுக்கு ரூ. 10 லட்சம் வரை இன்னொரு உத்தரவாதக் கடன் அறிவித்தார்கள். அரசு அங்கீகாரம் பெற்றவர்களுக்கு மட்டும் என்றதால், மலையில் ஜீப் ஓட்டுபவரும் குதிரை வைத்திருப்பவரும் அதற்குள் வரவே இல்லை. அது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

ஏஜெண்ட் மறுபடி வந்தால் ஆதார் நகலோ ஓடிபியோ கொடுத்துவிடாதீர்கள். ஏற்கெனவே பணம் கொடுத்திருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழையுங்கள்.