ஐந்நூறு மேசைகள்

கேள்வி: 'ஆசையை விட்டவனே ஞானி' என்கிறார்கள். ஞானம் வேண்டும் என்பதும் ஓர் ஆசைதானே??? அப்படியானால் வாழ்க்கையில் மதிப்புள்ளது எது?

பதில்: கேள்விக்குறி ஒன்றே போதும் என்று இந்தப் பக்கத்தில் எத்தனையோ முறை எழுதிவிட்டேன். ஆசையை அறுக்க நினைப்பவர் அங்கிருந்தே தொடங்கலாம்.

உங்கள் கேள்வியில் எனக்குப் பிடித்தது அந்த 'என்கிறார்கள்'. யார் என்கிறார்கள்? பெரும்பாலும் வயிறு நிறைந்து சாய்ந்து உட்கார்ந்திருப்பவர்கள். ரோமாபுரியில் செனிகா என்று ஒரு தத்துவஞானி. நீரோ மன்னனின் வாத்தியார். அவ்வப்போது சில நாள் மலிவான சாப்பாடும் முரட்டுத் துணியுமாக இருந்து பார், வறுமை மேல் பயம் போய்விடும் என்று நண்பருக்குக் கடிதம் எழுதியவர். அவருக்குச் சொத்து 30 கோடி செஸ்டர்ஸ் (அந்தக் கால ரோமாபுரிக் காசு), தந்தக் கால் வைத்த மேசைகள் 500, அத்தனையும் ஒரே அச்சு என்று பின்னாளில் வரலாற்றாசிரியர் காஸியஸ் டியோ எழுதி வைத்தார். டியோவுக்கு அவரைப் பிடிக்காது, கூட்டிச் சொல்லியிருக்கலாம். பாதியைத் தள்ளினாலும் 250 மேசை! முதல் மேசை தேவைக்கு. பத்தாவது விருந்தாளிக்கு என்றே வைத்துக்கொள்வோம். இருநூற்று ஐம்பதாவதைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தபோது ஐயா என்ன நினைத்திருப்பார்? கடைசியில், கி.பி. 62-இல், சொத்தையெல்லாம் எடுத்துக்கொள் என்று நீரோவிடமே கேட்டார். துறவு வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள், உயிர்ப்பயம். நீரோ மறுத்துவிட்டான். மூன்று வருடம் கழித்து உயிரைத்தான் கேட்டான்.

நம் மேடையிலும் ஒருவர் இருக்கிறார். பெயர் வேண்டாம், போன தடவையே சண்டைக்கு வந்தார். பற்றறுத்தல் பற்றிப் பேச முக்கால் மணி நேரம் கொடுத்தால் ஒன்றரை மணி நேரம் பேசுவார். முடிக்கச் சொல்லிச் சீட்டு அனுப்பினால் மடித்துப் பையில் போட்டுக்கொள்வார்.

சரி, கேள்விக்கு வருகிறேன். ஞானம் வேண்டும் என்பதும் ஆசைதான். இருந்துவிட்டுப் போகட்டும். அதைப் பாகம் பிரிக்க அண்ணன் தம்பி கோர்ட்டுக்குப் போனதில்லை.

மதிப்புள்ளது எது? 1978-இல் ஓர் ஆய்வு வெளியானது. அமெரிக்காவின் இலினாய் மாநில லாட்டரியில் பெரிய பரிசு விழுந்த 22 பேரையும், விழாத சிலரையும் பிலிப் பிரிக்மன் என்ற உளவியலாளரும் சகாக்களும் விசாரித்தார்கள். மகிழ்ச்சியில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் சிநேகிதரோடு பேசுவது, காலைச் சாப்பாடு, ஒரு ஜோக் கேட்பது போன்ற அன்றாட விஷயங்கள் லாட்டரிக்காரர்களுக்கு அவ்வளவாக ருசிக்கவில்லை. இருபத்திரண்டு பேரை வைத்து உலகத்தை அளக்க முடியாதுதான். இருந்தாலும் உங்களுக்கு அந்தப் பட்டியலைத்தான் நீட்டுவேன். பெரிதாக ஒன்று வந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிடுகிற சமாச்சாரங்கள் அவை. ஆசைப்படுங்கள், தப்பில்லை. காலைச் சாப்பாடு இன்னும் ருசிக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பட்டியலில் இன்னொன்றும் உண்டு: 'பத்திரிகை படிப்பது'. அதைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. வாசகர்களுக்குச் செல்வம் கொழிக்கட்டும் என்று இனி வாழ்த்துவதாக இல்லை. உங்களுக்கு லாட்டரிப் பழக்கம் உண்டென்றால் முன்கூட்டியே எழுதிவிடுங்கள். ஆண்டுச் சந்தாவை இப்போதே வசூலித்துவிடுகிறோம்.