அக்காவிடம் கேளுங்கள்: உளவியல் படிக்கலாமா?

கேள்வி: அக்கா, என் மகள் இந்த வருடம் பன்னிரண்டாம் வகுப்பு மெட்ரிக் எழுதுகிறாள். உளவியல்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். மூன்று வருடத்தில் டிகிரி வாங்கி போர்டு மாட்டிவிடலாம் என்பது அவள் கணக்கு. அவள் அப்பாவோ, சோறு போடாத படிப்பு என்கிறார். யார் சொல்வது சரி?
ஒரு தாய், ஃபீனிக்ஸ்

பதில்: இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை, தங்கச்சி. போர்டு விஷயத்தை முதலில் பேசிவிடுவோம். இது தெரியாமல் மூன்றாம் வருடக் கடைசியில் என்னிடம் வந்து கண்கலங்கிய பிள்ளைகள் உண்டு. நம் தென்னாப்பிரிக்காவில் சைக்காலஜிஸ்ட் என்று யார் வேண்டுமானாலும் பெயருக்குப் பக்கத்தில் போட்டுக்கொள்ள முடியாது. 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி எச்பிசிஎஸ்ஏ என்ற சுகாதாரத் தொழில்களுக்கான கவுன்சிலில் பதிவு வேண்டும். அதற்கு மூன்று வருட இளநிலைப் பட்டம், ஒரு வருட ஆனர்ஸ், பிறகு இரண்டு வருட மாஸ்டர்ஸ். அதில் ஒரு வருடம் இன்டர்ன்ஷிப். கிளினிக்கல் பிரிவில் போனால் அரசு அனுப்பும் இடத்தில் இன்னும் ஒரு வருடச் சேவை. ஆக, எல்லாம் தடங்கலில்லாமல் நடந்தாலே ஏழு வருடம்.

வருடக் கணக்கை விடப் பெரிய தடை மாஸ்டர்ஸ் வாசலில் இருக்கிறது. விண்ணப்பங்கள் குவியும், எடுப்பதோ சின்னக் கூட்டம். நல்ல மார்க் வாங்கியவர்களே இரண்டு மூன்று தடவை நேர்முகத்துக்குப் போய்த் திரும்புகிறார்கள். இதை உங்கள் மகள் இப்போதே தெரிந்துகொள்ளட்டும். தெரிந்த பிறகும் ஆசை குறையவில்லை என்றால் தாராளமாகப் படிக்க விடுங்கள்.

இடையில் வேறு கதவுகளும் உண்டு. பிசைக் என்ற நான்கு வருடப் பட்டம் இருக்கிறது. அதிலேயே 720 மணி நேரம் நேரடிப் பயிற்சி. கவுன்சிலின் தேர்வையும் தாண்டினால் ரெஜிஸ்டர்ட் கவுன்சிலராக, அதாவது மனநல ஆலோசகராக, பதிவு செய்யலாம். பள்ளிகளிலும் தொண்டு அமைப்புகளிலும் இவர்களுக்கு வேலை இருக்கிறது. மக்களோடு நின்று வேலை செய்வதுதான் அவள் ஆசை என்றால், சோஷியல் வொர்க்கையும் பார்க்கச் சொல்லுங்கள். அதுவும் நான்கு வருடம்தான். முடித்ததும் தொழிலுக்குப் போய்விடலாம். மூன்று வருடத்தோடு நிறுத்துகிறவர்கள் நிறுவனங்களின் ஆள்சேர்ப்புப் பிரிவுகளுக்குப் போகிறார்கள். ஒரு வருட பிஜிசிஇ படித்து ஆசிரியராகிறவர்களும் உண்டு. ஆனால் அதற்குப் பள்ளியில் சொல்லித்தரும் ஒரு பாடம் டிகிரியில் இருந்தாக வேண்டும். அதனால் உளவியலோடு சேர்த்து எடுக்கும் இரண்டாவது முக்கியப் பாடத்தை, ஏனோதானோ என்று தேர்ந்தெடுக்க விடாதீர்கள்.

பணம்: குடும்ப வருமானம் வருடத்துக்கு மூன்றரை லட்சம் ராண்டுக்குள் என்றால் என்எஸ்எஃப்ஏஎஸ் என்ற அரசுக் கல்வி உதவி கேட்கலாம். அது முதல் டிகிரிக்குத்தான், ஆனர்ஸுக்கு வராது. நான்காம் வருடச் செலவை அவள் அப்பா இன்றே யோசித்து வைப்பது நல்லது.

கேள்வி: முதல் வருடம் படிக்கிறேன், அக்கா. மனிதர்களைப் புரிந்துகொள்ளத்தான் வந்தேன். இங்கே ஸ்டாட்டிஸ்டிக்ஸ் உயிரை வாங்குகிறது. போதாததற்கு ஜூலு மொழியும் தேற வேண்டுமாம். இதெல்லாம் எதற்கு?
மாணவன், சாட்ஸ்வொர்த்

பதில்: தம்பி, உனக்குத்தான் இன்று நீளமாக எழுதப் போகிறேன். நீ சுமை என்று சொல்லும் இந்த இரண்டும்தான் உன்னை இந்த ஊருக்குப் பயன்படும் ஆளாக்கும். ஃப்ராய்டு, பியாஜே போன்ற உளவியல் மேதைகளைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம்.

ஸ்டாட்டிஸ்டிக்ஸை எடுத்துக்கொள். ஒரு பையன் அறிவுத்திறன் சோதனையில் 85 வாங்குகிறான். சராசரி 100, திட்ட விலக்கம் (மார்க்குகள் சராசரியிலிருந்து சிதறும் அளவு) 15 என்றால் அவன் சராசரிக்கு ஒரு படி கீழே. சரி, அந்த 100 யாருடைய சராசரி? எந்த ஊர்ப் பிள்ளைகளை உட்கார வைத்து எடுத்தது? வீட்டில் வேறு மொழி பேசி, ஐம்பது பேர் வகுப்பில் படித்து வந்த பிள்ளையை, அவனைப் போல ஒருவன்கூட இல்லாத கூட்டத்தோடு ஒப்பிட்டால் அந்த 85 அவனைப் பற்றி என்ன சொல்லும்? இந்தக் கேள்வியைக் கேட்கும் தைரியம் வெறும் நல்ல மனசினால் வராது. நார்ம் (யாரோடு ஒப்பிடுகிறோம்), வேலிடிட்டி (அளக்க வந்ததைத்தான் அளக்கிறதா), ரிலையபிலிட்டி (திரும்ப வைத்தாலும் அதே விடை வருமா) மூன்றும் கைவசம் இருக்க வேண்டும்.

இது ஏட்டுச் சங்கதி இல்லை, தம்பி. இங்கே இன ஒதுக்கலைக் கட்டி எழுப்பிய பிரதமர் ஃபெர்வூர்ட், ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்தவர். வெள்ளையரல்லாத ஒருவரை உறுப்பினராகச் சேர்ப்பதா என்ற சண்டையில் 1962இல் வெள்ளைக்கார உளவியலாளர்கள் பிரிந்து போய், தங்களுக்கென்று தனிச் சங்கமே வைத்தார்கள். உன் தாத்தா காலத்தில் நம்மை இனவாரியாக ஏரியா பிரித்துச் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பிய அதே ஆட்சியில்தான் இந்தத் துறையும் வளர்ந்தது. அதனால்தான் 1998ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்தின் எட்டாம் பிரிவு, அறிவியல்படி நிரூபிக்கப்படாத, எல்லோருக்கும் நியாயமாகப் பொருந்தாத, ஒரு சாராருக்குப் பாதகமான உளவியல் சோதனையை வேலையிடத்தில் வைக்கக் கூடாது என்கிறது. அந்தச் சட்டத்தை ஒரு சோதனைத் தாளின் மேல் வைத்துப் பார்க்க ஸ்டாட்டிஸ்டிக்ஸ் தெரிந்த ஆள் வேண்டும். அது நீயாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். நம் டர்பனில் பிறந்த சாத்ஸ் கூப்பர், இன ஒதுக்கலை எதிர்த்து ராபன் தீவில் சிறையிருந்து, வெளியே வந்து உளவியல் படித்து, 2012 முதல் 2016 வரை சர்வதேச உளவியல் ஒன்றியத்தின் தலைவராகவே இருந்தார். அதையும் மனசில் வைத்துக்கொள்.

அடுத்தது ஜூலு. குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தில் அந்த மொழி தெரியாமல் சேரும் இளநிலை மாணவர்கள் ஒரு ஜூலு பாடமாவது தேறியாக வேண்டும் என்பது 2014இல் வந்த விதி. நான் அரசு மருத்துவமனை வெளிநோயாளர் பிரிவில் வேலை பார்த்தவள். கிராமத்திலிருந்து விடியற்காலை டாக்சி பிடித்து வந்த ஒரு பாட்டி, மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி, ஜூலுவில் நிறுத்தாமல் பேசுவார். குரல் ஏறும், இறங்கும், நடுவில் ஒரு பெயர் திரும்பத் திரும்ப வரும். பக்கத்தில் நிற்கும் நர்ஸ், அவருக்கு வெளியே பத்துப் பேர் காத்திருக்கிறார்கள், பாவம், ‘தூக்கம் வரவில்லையாம்’ என்று ஒரே வரியில் முடிப்பார். அந்தப் பெயர் யாருடையது? இறந்த மகனா, திரும்பி வராத பேரனா? அந்த ஒரு வரியை நம்பித் தூக்க மாத்திரைக்கு மட்டும் எழுதி அனுப்பினால், அந்த அம்மாள் சொல்ல வந்தது எங்கே போய்ச் சேரும்? இந்த மாகாணத்தில் பெரும்பாலானவர்களின் தாய்மொழி ஜூலுதான். ஒரு பாடம் தேறினால் போதும் என்று விட்டுவிடாமல் மேலே படி. வகுப்புத் தோழர்களோடு கேன்டீனில் அதிலேயே பேசிப் பழகு. தப்பாகப் பேசினாலும் திருத்திச் சொல்லித்தருவார்கள்.

கேள்வி: அம்மா, என் பேத்தி இந்தப் படிப்பில் சேர்ந்திருக்கிறாள். காவடியில் சாமி வருவதைப் பைத்தியம் என்று சொல்லித்தந்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.
ஓர் ஆயா, டோங்காட்

பதில்: அப்படிச் சொல்லித்தர மாட்டார்கள், ஆயா. மனநோய்களை வகைப்படுத்த உலகம் முழுவதும் எடுத்துப் பார்க்கும் டிஎஸ்எம் கையேட்டின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே இதற்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஒரு சமூகம் ஏற்றுக்கொண்ட சமய வழக்கத்தில் இப்படி நிலை மாறுவதை நோயாக எண்ணக் கூடாது என்கிறது அது. அம்கேனி ரோடு கோயிலில் தைப்பூசத்தன்று மேளம் அடங்கியதும் திருநீறு பூசி, தண்ணீர் குடித்து, வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத் தூங்குகிறாரே, அவருக்கு ஒன்றும் இல்லை. கோயிலும் மேளமும் இல்லாத நேரத்தில், அவர் விரும்பாமலே வந்து, வேலையையும் தூக்கத்தையும் கெடுத்தால் மட்டும் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். பேத்தியை அடுத்த காவடிக்கு உங்களோடு அழைத்துப் போங்கள். யார் எப்போது விரதம் பிடிக்கிறார்கள், முதலில் யாருக்குச் சாமி வருகிறது, பக்கத்தில் யார் தாங்கிப் பிடிக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் அவளுக்குச் சொல்லிக்கொடுங்கள். அவள் ஆசிரியர்களுக்கே அது தேவைப்படலாம்.