பிக்மின் 2 வீடியோ விளையாட்டில், நாம் படையாக நடத்திப்போகும் குட்டிச் செடி உயிர்களான பிக்மின்களை ஊதாப் பூவுக்குள் எறிந்தால் அவை செத்துவிடுமா?

சாகாது. தயங்காமல் எறியுங்கள். பூ மூடிக்கொள்ளும்போது விழுங்கிவிட்டது போலத்தான் தெரியும். கொஞ்ச நேரத்தில் ஒரு விதையைத் துப்பும், அது பக்கத்து மண்ணில் முளைவிடும், பிடுங்கினால் வேறு நிறத்தில் ஒரு பிக்மின் எழுந்து வரும். ஒன்று போனால் ஒன்று வரும், எண்ணிக்கை குறையாது.

அநேகமாக முதல் குகையில், கேண்டிபாப் மொட்டு என்று பெயருள்ள அந்த ஊதாப் பூவுக்கு முன்னால் நின்றபடிதான் கேட்கிறீர்கள். மனசு உறுத்துகிறது, சரிதானே? உறுத்துவதில் தப்பே இல்லை. "பொம்மைக்கெல்லாம் கவலைப்படுவார்களா" என்று யாராவது வந்து எழுதுவார்கள், விட்டுவிடுங்கள். ஒவ்வொன்று சாகும்போதும் அந்தச் சின்னக் குரல் கேட்கிற மாதிரி செய்து வைத்திருக்கிறார்கள் என்றால், நாம் கவலைப்பட வேண்டும் என்றுதானே?

எதை எறிவது என்பதில்தான் யோசிக்க வேண்டும். புதிதாக முளைப்பது தலையில் வெறும் இலையோடு வரும். தலையில் பூ உள்ளவைதான் வேகமாக ஓடும். அதனால் அவற்றை எறிந்தால் அந்த வேகம் போய்விடும், இலை உள்ளவற்றை எறியுங்கள். சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றுக்கும் குகைக்கு வெளியே ஆனியன் என்ற கூடு இருக்கிறது, இரையைத் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டால் பெருக்கிக்கொள்ளலாம். ஊதாவுக்கும் வெள்ளைக்கும் இந்த விளையாட்டில் ஆனியன் கிடையாது. இந்தப் பூக்கள்தான் அவற்றுக்குத் தாய்வீடு.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். அக்கா மகளோடு சேர்ந்து இதை விளையாடியபோது ஒரு குகையில் பல்ப்மின்கள் கிடைத்தன. தெரியாதவர்களுக்கு: பிக்மின்களைத் தின்னும் பல்பார்ப் என்ற விலங்கின் குட்டி உடம்பில் பிக்மின் ஒட்டுண்ணியாகப் புகுந்து, அதன் தலையில் இலை முளைத்தால் அது பல்ப்மின். தீ, தண்ணீர், மின்சாரம், விஷம் எதுவும் அவற்றை ஒன்றும் செய்யாது. ஆனால் குகையை விட்டு வெளியே வர முடியாது. "மாமா, இதுங்களை இங்கயே விட்டுட்டுப் போகணுமா?" என்று முகம் வாடிவிட்டது அவளுக்கு. அடுத்த தளத்தில் ஒரு வெள்ளை மொட்டு இருந்தது. பல்ப்மின்களையே அதில் எறியச் சொன்னேன். ஒரு பூ ஐந்து பேரைத்தான் ஏற்கும், அப்புறம் வாடிவிடும். ஐந்தும் வெள்ளையாக முளைத்து எங்களோடு மேலே வந்தன. மிச்சம் இருந்தவை வரவில்லை. அதற்காக அவள் ரொம்ப நேரம் என்னிடம் பேசவில்லை. ஆனாலும் அந்த ஐந்தையும் வெளியே கொண்டுவந்ததில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.

இதை ஏமாற்று வேலை என்று சிலர் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். விளையாட்டின் விதிக்குள்ளேயே இருக்கிற வழி இது. சொந்தப் படையில் ஒருவரைக்கூடச் செலவழிக்காமல் ஐந்து வெள்ளை கிடைக்கிறது, இதை விட்டுவிட்டு வருவதுதான் வீண்.

இந்த விஷயத்தைத் தேடி ஒரு காணொளி பார்த்தேன், அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை. தலைப்பில் பல்ப்மின் என்று போட்டுவிட்டு, பாதி நேரம் தன் சேனலைப் பற்றியே பேசுகிறார். ஒரு வரியில் சொல்லக்கூடியதற்குப் பின்னணி இசை, கூச்சல், "கடைசிவரை பாருங்கள்" என்ற மிரட்டல். எழுதி வைத்தால் யாருக்கு என்ன நஷ்டம்? படித்துக்கொள்கிறவர்களும் இருக்கிறோம்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஊதா ஒன்றை மட்டும் எக்காரணம் கொண்டும் வேறு நிறப் பூவில் எறியாதீர்கள். ஓர் ஊதா பத்து பேர் பலத்தில் தூக்கும். கடைசிப் பகுதியில் 1000 எடையுள்ள ஒரு பொக்கிஷம் இருக்கிறது. களத்தில் ஒரே நேரத்தில் 100 பிக்மின்களுக்கு மேல் இருக்க முடியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள், 100 பேரும் ஊதாவாக இருந்தால்தான் அது நகரும். அதனால் ஊதா மொட்டு கண்ணில் பட்டால், ஐந்து பேரை உள்ளே அனுப்பாமல் அந்தத் தளத்தை விட்டு இறங்காதீர்கள்.