வீட்டை விற்கமுன் ஒரு ஜனவரி இருந்து பாருங்கள்

கேள்வி: எனக்கு 67 வயது, மனைவிக்கு 64. 1986 இல் யாழ்ப்பாணத்திலிருந்து லண்டன் வந்தோம், இப்போது இருவரிடமும் பிரித்தானியப் பாஸ்போர்ட். ஹரோவில் கடன் முடிந்த வீடு இருக்கிறது. நண்பர் ஒருவர் ஸ்பெயினில், தொர்ரெவியெஹாவில் வீடு வாங்கியிருக்கிறார். ஜூன் மாதம் இரண்டு கிழமை அவருடன் நின்றுவிட்டு வந்தோம். எனக்கு மனம் அங்கேயே நின்றுவிட்டது. ஹரோ வீட்டை விற்றுவிட்டுப் போய்விடலாம் என்கிறேன். மனைவி, "பிள்ளைகளை விட்டுட்டு, பாஷை தெரியாத ஊரில போய்ச் சாகவோ?" என்று கேட்கிறா. மகனோ, அங்கே வெளிநாட்டுக்காரரைப் போகச் சொல்லி ஊர்வலம் நடக்கிறது என்று பயமுறுத்துகிறான். நாங்கள் போகலாமா?
– பெயர் வேண்டாம், ஹரோ

பதில்:

அண்ணா, உங்கள் கடிதத்தில் கடலை விட, வீட்டை விட, என் கண்ணில் முதலில் பட்டது ஜூன் என்ற சொல்தான். ஜூனில் ஸ்பெயினைப் பார்த்து முடிவெடுப்பது, கல்யாண வீட்டுச் சாப்பாட்டை வைத்து அந்த வீட்டுச் சமையலை மதிப்பது மாதிரி.

நான் லண்டனை விட்டு 2016 இல் ஸ்பெயினுக்கு வந்தேன். டெனியா என்ற கடற்கரை ஊருக்குப் பின்னால் மலையடிக் கிராமம் ஒன்றில் இருக்கிறேன். நானும் உங்களைப் போலக் கோடையில் பார்த்துத்தான் வீடு எடுத்தேன். தடித்த சுவர், ஓடு பதித்த தரை, யன்னல்களில் அநேகமானவை வடக்குப் பார்த்தவை. ஓகஸ்டில் அது சொர்க்கம். ஜனவரியில் வெளியே வெயிலில் 16 பாகை, ஆட்கள் கதிரை போட்டுக் கோப்பி குடிக்கிறார்கள். நான் வீட்டுக்குள் கம்பளித் தொப்பியோடு சமைக்கிறேன். இங்கே பழைய வீடுகள் வெயிலைத் தள்ளி வைக்கக் கட்டியவை, சூட்டைப் பிடித்து வைக்க அல்ல. மத்திய வெப்பமூட்டல் இல்லாத வீடுகள் தாராளம்.

என்னைக் காப்பாற்றியது பக்கத்து வீட்டுக் கிழவி. வந்து பார்த்து, தலையில் அடித்துக்கொண்டு, எனக்கு வீடு நடத்தப் பழக்கினா. காலை 11 மணிக்கு வெயில் படும் பக்கத்துப் பெர்சியானாக்களை, அதாவது யன்னலுக்கு வெளியே உருட்டி இறக்கும் மறைப்புகளை, முழுதாகத் திறக்க வேண்டும். நாலு மணிக்கு எல்லாவற்றையும் இறுக்கிச் சாத்த வேண்டும். 12.5 கிலோ பியூட்டேன் நிரப்பிய செம்மஞ்சள் சிலிண்டர் எப்போதும் ஒன்று மேலதிகமாகக் கிடக்க வேண்டும். பிறகு வட்ட மேசை ஒன்று. தரை மட்டும் தொங்கும் தடித்த துணியை அதன்மேல் விரித்து, அடியில் சின்ன ஹீற்றர் வைத்து, கால்களைத் துணிக்குள் விட்டுக்கொண்டு இரவு பத்து மணிவரை இருப்பது. அந்த மேசையில்தான் நான் ஸ்பானிஷ் படித்தேன். கிழவி வீட்டில் கதைத்தது வலென்சியானோ, அது வேறு மொழி. ஆறு மாதம் இரண்டையும் கலந்து பேசி ஊரைச் சிரிக்க வைத்தேன்.

ஆகவே என் முதல் பதில்: வீட்டை விற்காதீர்கள். ஜனவரி முதல் மார்ச் வரை வாடகைக்கு இருந்து பாருங்கள். பிரெக்சிட்டுக்குப் பிறகு பிரித்தானியப் பாஸ்போர்ட்டுக்கு எந்த 180 நாளிலும் 90 நாள்தான் ஸ்பெயின் உள்ளிட்ட ஷெங்கன் நாடுகளில் நிற்கலாம். ஜனவரி 31, பெப்ரவரி 28, மார்ச் 31, கூட்டினால் சரியாக 90. வந்திறங்கும் நாளும் கிளம்பும் நாளும் சேர்த்தி. அதனால் நாலு நாள் கையில் வைத்துக் கிளம்புங்கள். முன்பு முத்திரையைப் புரட்டிப் பார்த்துக் கணக்குப் போடுவார்கள். 2025 ஒக்டோபரில் தொடங்கிய புது எல்லை முறையில் அந்தக் கணக்கைக் கணினி போடுகிறது.

இனிப் பணம். நண்பர் எப்போது போனவர் என்று கேட்டுப் பாருங்கள். 2020 முடிவதற்குள், பிரெக்சிட் விதிகள் நடைமுறைக்கு வரமுன், அங்கே பதிந்தவர் என்றால் அவருடைய கதை வேறு, உங்களுடையது வேறு. வீடு வாங்கினால் அங்கே வாழும் உரிமை வராது. ஐந்து லட்சம் யூரோவுக்கு வீடு வாங்கினால் கிடைத்த 'கோல்டன் விசா'வையும் 2025 ஏப்ரலில் நிறுத்திவிட்டார்கள். உங்களுக்குப் பொருந்துவது, வேலை செய்யாமல் இருக்கத் தரும் விசா. 2025 கணக்குப்படி அதற்கு உங்களுக்கு வருடம் 28,800 யூரோவும், மனைவிக்காக 7,200 யூரோவும், மொத்தம் 36,000 யூரோ வருமானமோ சேமிப்போ காட்ட வேண்டும். பிரித்தானிய அரச பென்ஷன் முழுதாகக் கிடைத்தாலும் 2025-26 இல் கிழமைக்கு 230 பவுண்ஸ் சொச்சம், வருடத்துக்கு 12,000க்கும் சற்றுக் குறைவாக இருந்தது. மனைவிக்கு இன்னும் அந்த வயது வரவில்லை. வேலைப் பென்ஷனும் சேமிப்பும் மீதியை நிரப்புமா என்று இன்றிரவே ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஹரோ வீட்டு வாடகையும் இந்த இடத்தில் உதவக்கூடும். விற்க வேண்டாம் என்று நான் சொல்ல அதுவும் ஒரு காரணம்.

வைத்தியம் பற்றிப் பெரிய கவலை வேண்டாம். அரச பென்ஷன் எடுப்பவருக்கு எஸ்-1 என்ற படிவம் உண்டு, இங்கே அரச வைத்தியசாலையில் பார்க்கும் செலவைப் பிரித்தானியா கட்டும். விசா விண்ணப்பத்துக்கு அது மட்டும் போதுமா, தனியார் காப்புறுதியும் வேண்டுமா என்பதை லண்டனிலுள்ள ஸ்பானியத் துணைத்தூதரகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வரியில்தான் எங்கள் ஆட்கள் வழுக்கி விழுகிறார்கள். வருடத்தில் 183 நாளுக்கு மேல் நின்றால் நீங்கள் ஸ்பெயினுக்கு வரி கட்டுபவர், உலகம் முழுக்க உள்ள வருமானத்துக்கும். லண்டனில் வரியே இல்லாத ஐசா சேமிப்புக்கு இங்கே அந்தச் சலுகை இல்லை. பென்ஷனில் வரியில்லாமல் எடுக்கும் 25 வீதமும் பொதுவாக இங்கே வரிக்குள் வரும். அதற்கு மேல், 'மொதெலோ 720' என்று ஒரு படிவம். வெளிநாட்டில் வங்கிக் கணக்கு, பங்குகள், நிலபுலம் என்ற மூன்று வகையில் எதிலாவது 50,000 யூரோவைத் தாண்டினால் மார்ச் 31க்குள் அறிவிக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் அப்பாவின் காணி உங்கள் பேரில் இருந்தால் அதுவும் இதில் சேரும். அறிவிக்காதவரைத் தண்டிக்க வைத்திருந்த கொடூரமான அபராதங்களை ஐரோப்பிய நீதிமன்றம் 2022 ஜனவரியில் தவறென்று சொல்லிவிட்டது, ஆனால் படிவம் இருக்கிறது. ஹரோ வீட்டை எப்போதாவது விற்பதென்றால், ஸ்பெயினில் பதியமுன் விற்பதா பின் விற்பதா என்பதை இரண்டு நாட்டு வரியும் தெரிந்தவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அந்த ஆலோசனைக்குக் கொடுக்கும் காசைப் பார்க்காதீர்கள்.

வீடு விற்பவர் காட்டும் லோயரை மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். 2008 இல் அல்மெரியா மாகாணத்து வேராவில் பிரித்தானியத் தம்பதி ஒன்றின் வீட்டை இடித்துத் தள்ளினார்கள். நகரசபை அனுமதி கொடுத்துத்தான் கட்டியிருந்தார்கள். அந்த அனுமதி செல்லாது என்றது மாநில அரசு.

மகன் சொன்னதற்கு வருகிறேன். ஊர்வலம் உண்மை. 2024 ஏப்ரலில் கனேரியத் தீவுகளில் பெருங்கூட்டம் தெருவுக்கு வந்தது. அந்த ஜூலையில் பார்சிலோனாவில் உல்லாசப் பயணிகள்மேல் தண்ணீர்த் துப்பாக்கி அடித்தார்கள். அதன் காரணம் வாடகை. வருடத்துக்கு ஒன்பது கோடிக்கு மேல் பயணிகள் வரும் நாடு. வீட்டுக்காரர் கிழமைக் கணக்கில் அவர்களுக்கு விடுகிறார், ஊர்ப் பிள்ளைகள் முப்பது வயதிலும் அம்மா வீட்டில். பார்சிலோனா மேயர் ஜௌமே கொல்போனி 2028க்குள் அங்கே உல்லாசப் பயணிகளுக்கான குடியிருப்பு உரிமம் எதுவும் இருக்காது என்றிருக்கிறார். பிரதமர் பெத்ரோ சான்செஸ், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர் வீடு வாங்கினால் 100 வீதம் வரை வரி என்று 2025 ஜனவரியில் ஒரு யோசனை சொன்னார். அது உங்களைப் போல வந்து குடியிருக்கப் போகிறவரை நோக்கியதல்ல. என்னிடம் பத்து வருடத்தில் ஒருவரும் போ என்று சொன்னதில்லை. 'கிரி' என்று சொல்லியிருக்கிறார்கள், வெள்ளைக்கார வெளிநாட்டுக்காரருக்குச் சொல்லும் கேலிப்பெயர். எனக்கு அந்தப் பட்டம் கிடைத்ததே வேடிக்கை.

இதில் உங்களுக்கு ஒரு பலம் இருக்கிறது. இங்குள்ள பிரித்தானியர் பலர் தங்களைக் குடியேறியவர் என்று சொல்லமாட்டார்கள். மொரோக்கோவிலிருந்து தக்காளி பறிக்க வந்தவர் குடியேறி, சரேயிலிருந்து வந்தவர் 'எக்ஸ்பாட்'. இருபது வருடம் இருந்தும் கோப்பி கேட்க மட்டும் ஸ்பானிஷ் தெரிந்தவர்களை எனக்குத் தெரியும். நீங்கள் 1986 இல் பனியில் வந்திறங்கி, பாஷை பிடிபடாமல், குறொய்டன் குடிவரவுக் கந்தோரில் வரிசையில் நின்ற ஆள். அந்நியனாக இருப்பது எப்படி என்று ஏற்கெனவே பழகியவர். அதனால் சான் புல்ஹென்சியோ மாதிரி ஆங்கிலத்திலேயே காலம் தள்ளக்கூடிய இடங்களை நான் உங்களுக்குச் சொல்லமாட்டேன். ஸ்பானிஷ் பேசாவிட்டால் பாண் வாங்க முடியாத ஊராகப் பாருங்கள்.

அண்ணிக்குத் தனியாக ஒரு வார்த்தை. சோறு பற்றிப் பயப்பட வேண்டாம், இங்கே பெகோ என்ற ஊரின் சதுப்பு நிலத்தில் நெல் விளைகிறது. ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு முழுக் குடும்பமும் ஒரே தாச்சியைச் சுற்றி இருந்து சாப்பிடும் ஊர் இது. கொத்தமல்லித் தழை மொரோக்கோக்காரர் கடையில் கிடைக்கும். முருங்கைக்காய்க்கு லண்டன் பயணம்தான்.

அண்ணி கேட்ட மற்றக் கேள்வியையும் மழுப்பக் கூடாது. இங்கே ஒருவர் இறந்தால் பெரும்பாலும் இரண்டு நாளுக்குள் எல்லாம் முடிந்துவிடும். 'தனத்தோரியோ' என்ற மண்டபத்தில் ஓர் இரவு உறவுகள் கூடியிருப்பார்கள், மறுநாள் அடக்கம் அல்லது தகனம். லண்டனைப் போல இரண்டு மூன்று கிழமை காத்திருப்பதில்லை. எங்கள் வழக்கத்துக்கு இது கிட்டவே இருக்கிறது, ஆனால் மகன் அன்றைக்கே விமானம் பிடிக்க வேண்டும். அலிக்காந்தேக்கு லண்டனிலிருந்து இரண்டரை மணி நேரம்தான். இதை இருவரும் மகனோடு இருந்து வாய்விட்டுக் கதையுங்கள். உயில் எழுதும்போது, இங்கிலாந்துச் சட்டப்படியே சொத்துப் பிரிய வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கவும் மறக்க வேண்டாம். இல்லாவிட்டால் ஸ்பானியச் சட்டம் பிள்ளைகளுக்கென்று ஒரு பங்கை ஒதுக்கிவிடும்.

ஜனவரிக்கு இடம் தேடத் தொடங்கினால் எனக்கு எழுதுங்கள். என் பக்கத்து வீட்டுக் கிழவியின் மேல்மாடி காலியாகத்தான் கிடக்கிறது, யன்னல் தெற்குப் பக்கம். அண்ணியும் சேர்ந்து வந்து பார்ப்பதென்றால் மட்டும். ஹீற்றரை நீங்கள்தான் வாங்க வேண்டும்.