மகள் சட்டம் படிக்கலாமா?

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் சட்டம் படிக்க ஆசைப்படுகிறாள். மனுவையே கணினி எழுதித் தரும் காலத்தில் அந்தப் படிப்பால் என்ன பயன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. இளம் வழக்கறிஞர்கள் தொழில் பழகுவதே பழைய தீர்ப்புகளைத் தேடியும், வரைவு எழுதிச் சீனியரிடம் திருத்தம் வாங்கியும்தான். செயற்கை நுண்ணறிவு முதலில் கைவைப்பது அந்த வேலைகளில்தான். வருமானத்தைவிட, பழகும் வாய்ப்பு குறைவதுதான் எனக்குப் பெரிய கவலை.

ஆனாலும் 2023-இல் நியூயார்க்கில் நடந்ததைக் கேளுங்கள். ஒரு விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், முப்பது ஆண்டு அனுபவமுள்ள வழக்கறிஞர் ஒருவர் சாட்ஜிபிடி என்ற செயற்கை நுண்ணறிவுச் செயலி எடுத்துக் கொடுத்த தீர்ப்புகளை நம்பினார். நீதிமன்றத்தில் தாக்கலும் ஆயின. எதிர்த்தரப்பு தேடிப் பார்த்தால், அப்படி வழக்குகளே நடந்ததில்லை! இவை உண்மையா என்று அவர் சாட்ஜிபிடியிடமே கேட்டிருக்கிறார். அதுவும் உண்மை என்றே சொல்லியிருக்கிறது. 5,000 டாலர் அபராதம் வழக்கறிஞர்கள் மீதும் அவர்களுடைய அலுவலகத்தின் மீதும்தான் விழுந்தது. மூலத் தீர்ப்பை ஒரு முறை எடுத்துப் பார்த்திருந்தால் போதும்.

இன்னொன்று. வேலை விண்ணப்பங்களைத் தரம்பிரிக்க அமேசான் உருவாக்கிய மென்பொருள், பெரும்பாலும் ஆண்கள் அனுப்பிய பழைய விண்ணப்பங்களிலிருந்து கற்றுக்கொண்டது. மகளிர் சதுரங்கக் குழு என்பது போன்ற குறிப்பைக் கண்டாலே மதிப்பெண்ணைக் குறைத்தது. நிறுவனம் அதைக் கைவிட்டது. 2018-இல் செய்தி வெளியானது. இப்படிப்பட்ட கருவி ஒதுக்கிய பெண்ணுக்குக் காரணம்கூடத் தெரியாது. அவளுக்காகப் போய்க் கேட்க ஆள் வேண்டாமா? 2024-இல் இயற்றப்பட்ட ஐரோப்பிய ஒன்றியச் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் ஆள்தேர்வுக் கருவிகளை அதிக ஆபத்துள்ளவை என்று வகைப்படுத்தி, மனிதக் கண்காணிப்பையும் கோருகிறது. சட்டம் தெரிந்தவர்களுக்கு இங்கே நிறைய வேலை இருக்கிறது.

ஆகவே படிக்கட்டும். ஆனால் ஒரு பழக்கம் வேண்டும். வரைவை முதலில் தானே எழுத வேண்டும். பிறகு கணினியின் வரைவோடு ஒப்பிட்டு, எங்கே வேறுபடுகிறது, ஏன் என்று பார்க்க வேண்டும். வேகம் குறையும்தான். சீனியர் திருத்தித் தந்த காலத்துப் பயிற்சியில் பாதியாவது அதில் கிடைக்கும். கட்சிக்காரர் நம்பிச் சொன்ன விவரங்களை அந்தச் செயலிகளில் போடவே கூடாது.

அடுத்த முறை அவளையும் அழைத்து வாருங்கள். உங்கள் பயத்தை மட்டும்தான் இதுவரை கேட்டிருக்கிறேன். ஏன் சட்டம் என்று அவள் வாயால் கேட்க வேண்டும்.