நண்பருக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்து

வணக்கம். பள்ளித் தோழரின் வங்கிக் கடனுக்கு ஜாமீன் போட்டீர்கள், அவர் ஐந்து மாதமாகத் தவணை கட்டவில்லை, போனும் எடுப்பதில்லை, நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது, மனைவி முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனசு கனத்துப்போனது.

நோட்டீஸை அலமாரியில் போட்டுவிடாதீர்கள். ‘கடன் வாங்கியவரைக் கேளுங்கள்’ என்று சொல்லித் தப்ப முடியாது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 128-ன்படி, பத்திரத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, அவருக்குள்ள பொறுப்பு அத்தனையும் உங்களுக்கும் உண்டு. கடனை ஒழுங்காகக் கட்டுபவரா என்று வங்கிகள் பார்க்கும் உங்கள் சிபில் ஸ்கோரும் அடிவாங்கும். மேலாளரை நேரில் பார்த்து, பாக்கி எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். நீங்கள் கட்ட நேர்ந்தால் ஒரு ரசீதையும் தொலைக்காதீர்கள். பிரிவு 145-ன்படி அந்தப் பணத்தை நண்பரிடம் திரும்பக் கேட்கலாம். கட்டியதிலிருந்து 3 வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும்.

என் அப்பாவும் இப்படிக் கையெழுத்துப் போட்டவர்தான். பணத்தை ஏழு வருடத்தில் அடைத்துவிட்டோம். தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போட்டாரே என்பதைத்தான் அம்மாவால் கடைசிவரை மறக்க முடியவில்லை. உங்கள் மனைவியின் கோபமும் அதுவாக இருக்கலாம். இன்று இரவே நோட்டீஸை அவர் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். எந்தத் தொகையையும் மறைக்காதீர்கள்.